துருவும் தூசியும்

பெரியதைச் சிறியதாக்கிப் பார்க்கும் ஆசை மனிதனோடு உடன்பிறந்தது. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஆண்பாற் குழந்தையின் பருவங்கள் பத்தினுள் இறுதியானதாகச் சிறுதேர்ப் பருவத்தை வைத்தனர். வீதியிலே ஊர் முழுவதும் கூடி வடம்பிடித்தால் மட்டுமே அசையும் தேரினை, ஒரு குழந்தை தன் கைக்கயிற்றால் முற்றத்தைச் சுற்றி இழுத்துச் செல்கின்றது. உலகம் தன் கைக்குள் அடங்கும் என்ற மகிழ்ச்சி அவ்விளையாட்டில் உண்டு. ஆயின், தேரைச் சிறியதாக்குவது ஒன்று. போரைச் சிறியதாக்குவது வேறொன்று. போர்க்களத்து ஊர்தியொன்றைக் கையளவாகச் செய்து, அதன்மீது துருவும் சேறும் புகைக்கரியும் படிந்தாற்போல வர்ணந்தீட்டி, அதனைச் சுற்றி ஒரு சிறு நிலத்தையும் அமைத்து வைக்கும் பொழுதுபோக்கில் ஈடுபட்டோர் இன்று பல நாடுகளில் உள்ளனர். இக்கட்டுரை அவர்களுள் ஒருவரைப் பற்றியது.

அவர் இங்கிலாந்தின் தென்பகுதியில் வாழ்பவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், எழுபது வயதைக் கடந்தவர். வீட்டின் மேல்மாடியிலுள்ள சிற்றறையில் ஒரு மேசை, ஒரு விளக்கு, ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, போத்தல்களில் நிறுத்திய தூரிகைகள். இவையே அவருடைய உலகம். அவருடைய தந்தையார் இரண்டாம் உலக மகாயுத்தத்தில், 1944ஆம் ஆண்டுக் கோடையில், பிரான்சின் நோர்மண்டிப் பகுதியில் போரிட்ட பிரித்தானியப் படையில் ஷேர்மன் தாங்கியொன்றின் சாரதியாக இருந்தவர். மகன் யுத்தத்தின் பின்னர் பிறந்தவர். தந்தையார் யுத்தத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பேசாத தந்தையரைக் கொண்ட பிள்ளைகள் பலர், அம்மௌனத்துக்குள் நுழைவதற்கு ஏதேனும் ஒரு வாயிலைத் தேடுவர். இவர் கண்ட வாயில் பிளாஸ்ரிக்கால் ஆனது.

1960களின் தொடக்கத்தில், பன்னிரண்டு வயதுச் சிறுவனாக, கடையில் வாங்கிய பொதியொன்றிலிருந்து உள்ளங்கையில் அடங்கும் தாங்கியொன்றை ஒட்டி முடித்து, பச்சை வர்ணம் பூசி, உலர்ந்ததும் தந்தையிடம் கொண்டுசென்று காட்டினார். தந்தையார் அதனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நன்றாகத்தான் செய்திருக்கிறாய். ஆனால் இதற்குள் எவரும் இருந்ததாகத் தெரியவில்லையே" என்று கூறித் திரும்பக் கொடுத்துவிட்டார். கண்டிப்பாகக் கூறப்பட்ட சொற்களல்ல அவை. ஆயினும் அச்சிறுவனுடைய பிற்கால வாழ்வில் அறுபது ஆண்டுகள் அச்சொற்களுக்கு விடை தேடுவதிலேயே கழிந்தன எனின் அது மிகையாகாது.

பொதியிலிருந்து வெளிவரும் மாதிரியுரு எவ்வளவு நுட்பமாக வார்க்கப்பட்டிருப்பினும் பிறந்த மேனியாகவே இருக்கும். அதில் காலம் இல்லை. மழையும் வெயிலும் இல்லை. ஏறியிறங்கிய கால்களின் தேய்மானம் இல்லை. இவற்றையெல்லாம் வர்ணத்தால் உண்டாக்கும் கலையைப் பழமையேற்றல் என்று நாம் அழைக்கலாம். பழமையேற்றிய ஊர்தியை நிலம், மரம், சுவர், மனிதர் ஆகியவற்றோடு சேர்த்து ஒரு காட்சியாக அமைப்பது டயோராமா எனப்படும். அச்சொல் முதலிற் குறித்தது வேறொன்றை. பிற்காலத்தில் ஒளிப்பட முறையைக் கண்டறிந்து புகழ்பெற்ற தகேர் என்பவர், 1822இல் பாரிஸ் நகரில் கூட்டாளி ஒருவருடன் நடத்தத் தொடங்கிய காட்சிசாலைக்கு அப்பெயரை இட்டார். மாபெருந் திரையோவியங்களின்மீது ஒளியை மாற்றி மாற்றிப் பாய்ச்சி, பகலை இரவாகவும் இரவைப் பகலாகவும் அங்கே காட்டினார்கள். 1839இல் அச்சாலை தீக்கிரையானது. பெயர் மட்டும் எஞ்சிப் பின்னர் சிறு உருவங்களின் காட்சிக்கு வந்து சேர்ந்தது.

இக்கலையின் இன்றைய வடிவம் பல நாட்டவரின் கைகளால் உருவானது. யப்பானின் சிசுவோக்கா நகரில் 1946இல் மரவாணிபமாகத் தொடங்கிய தமியா நிறுவனம், 1960களின் தொடக்கத்தில் ஜேர்மானியரின் பாந்தர் தாங்கியினது மாதிரியை வெளியிட்டது. தானே ஓடுமாறு அமைந்த அம்மாதிரியின் உள்ளே மோட்டாரும் மின்கலங்களும் அடங்கவேண்டியிருந்தன. அவற்றுக்கேற்ற உடலளவைக் கணக்கிட்டபோது கிடைத்த விகிதமே முப்பத்தைந்தில் ஒன்று என்பது. மின்கலத்தின் பருமன் தீர்மானித்த ஓர் எண், பின்னர் உலகெங்கும் கவச ஊர்தி மாதிரிகளின் பொது அளவாகிவிட்டமை வியப்புக்குரியது. 1970களில் அமெரிக்கரான ஷெப்பர்ட் பெயின், மொனோகிராம் நிறுவனத்தின் பொதிகளுடன் வந்த சிறு துண்டுத்தாள்களின் வாயிலாக, காட்சியொன்று கதை சொல்லவேண்டும் என்பதை ஆயிரக்கணக்கான இளைஞருக்குக் கற்பித்தார். 1980இல் வெளிவந்த அவருடைய கைந்நூல் இத்துறையினருக்கு இலக்கணம் போல அமைந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் பெல்ஜியத்தவரான பிரான்சுவா வெர்லிண்டன், நீர்த்த வர்ணத்தைப் பள்ளங்களில் ஓடவிடுவதும், ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேடுகளைத் தடவி ஒளியேற்றுவதும் ஆகிய முறைகளைப் பரவலாக்கினார். நம் கட்டுரைத் தலைவர் இவ்விருவரையும் ஏட்டுவழி ஆசிரியராகக் கொண்டவர்.

அளவு என்பது இக்கலையில் வெறுங் கணக்கன்று. பிரித்தானியர் பெரிதும் பயன்படுத்திய ஷேர்மன் வகையொன்று ஏறத்தாழ ஆறு மீற்றர் நீளமும் முப்பத்திரண்டு தொன் நிறையும் கொண்டது. முப்பத்தைந்தில் ஒன்றாகக் குறுக்கும்போது நீளம் பதினேழு சென்ரிமீற்றராகின்றது. ஆனால் நிறை மூன்று பரிமாணங்களிலும் குறைவதால், 42,875இல் ஒரு பங்காகி முக்காற் கிலோவளவில் வந்து நிற்கும். நடுத்தர உயரமுள்ள மனிதன் ஐந்து சென்ரிமீற்றராவான். இவ்வுலகில் ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள சேறு மூன்றரைச் சென்ரிமீற்றர் சேறாகும். அரை மில்லிமீற்றர் மணல் கூழாங்கல்லாகும். தலைமயிர் ஒன்று விழுந்தால் அது மெல்லிய கயிறாகக் கிடக்கும். ஆகவே கடற்கரை மணலை அள்ளித் தூவி மணலாகக் காட்ட இயலாது. தூசியைக் காட்டுவதற்குத் தூசியினும் நுண்ணிய வர்ணத்தூள் வேண்டும். காட்டிலுதிர்ந்த சருகுகளைக் காட்டுவதற்கு இத்துறையினர் பேர்ச் மரத்தின் விதைச் செதில்களையும் உலர்த்திய தேயிலைத் தூளையும் பயன்படுத்துவர். மலையகத்துத் தேயிலை பிளாஸ்ரிக் மரங்களின் கீழே சருகாகவும் கிடக்கக்கூடும் என்பதை அதனைக் கொய்த கைகள் அறியமாட்டா.

வர்ணமும் அளவுக்குக் கட்டுப்பட்டதே. தொலைவிலுள்ள பொருள் காற்றுவெளியினூடாக வெளிறித் தோன்றுவது போலச் சிறிய பொருளின் வர்ணமும் சற்று வெளிறியிருத்தல் வேண்டும். உண்மைத் தாங்கிக்குப் பூசிய அதே பச்சையை மாதிரிக்குப் பூசினால் அது கருமையாகிவிடும். ஆகவே உண்மையாகத் தோன்றவேண்டுமெனின் உண்மையிலிருந்து சிறிது விலகவேண்டும்.

அவர் வேலைசெய்யும் முறையைப் பார்த்திருப்பது சமையலைப் பார்த்திருப்பது போன்றது. ஒவ்வொன்றுக்கும் வரிசை உண்டு. முதலில் அடிப்பூச்சு, அதன்மேல் ஊர்தியின் வர்ணம், அதனைக் காக்கும் மினுக்குப் பூச்சு. அது காய்ந்தபின் கபில நிற நெய்வர்ணத்தைத் தைலத்தில் நன்றாகக் கரைத்துத் தூரிகையின் நுனியால் ஓர் ஆணித்தலையைத் தொடுவார். வர்ணம் தானாகவே விளிம்பைச் சுற்றி ஓடி நிற்கும். பின்பு கிழித்தெடுத்த பஞ்சுத்துண்டின் முனையால் விளிம்புகளில் வர்ணம் பெயர்ந்த தழும்புகளை ஒற்றுவார். சங்கிலிப்பட்டையின் நிலத்திலே உராயும் மேடுகளில் பென்சிற் கரியைத் தேய்ப்பார். உருக்கின் பளபளப்பு அதிலே தோன்றும். சிலர் வர்ணத்துக்குக் கீழே கேசத்துக்குத் தெளிக்கும் திரவத்தைத் தெளித்து, மேல்வர்ணத்தை நீரால் நனைத்துச் சுரண்டுவர். நீரிற் கரையும் அப்படலம் மேல்வர்ணத்தைத் தன்னோடு கழற்றிக்கொண்டு போக, பழைய ஊர்தியிற் போலவே அது செதில் செதிலாகப் பெயரும்.

ஆயினும் கைப்பழக்கத்திலும் மேலானது காரணமறிதல். இத்தழும்பு ஏன் இங்கே? போர்வீரர் ஏறுகையில் கால் வைக்கும் இடம் இது. இக்கறை ஏன் அங்கே? பெற்றோல் ஊற்றும் வாய் அது. சக்கரங்களில் தூசி மிகுந்தும் கோபுரத்தில் குறைந்தும் இருப்பது ஏன்? கீழிருந்து எழுவது தூசியாகையால். நோர்மண்டியில் அக்கோடையிலே தூசி உயிரை வாங்குவதாக இருந்தது. உலர்ந்த பாதைகளில் விரைந்து செல்லும் ஊர்தி எழுப்பும் புழுதிமேகம் பகைவரின் பீரங்கிக்குக் குறியாகும். தூசி எழுப்பினால் குண்டு வரும் என்ற எச்சரிக்கைப் பலகைகள் தெருவோரங்களில் நடப்பட்டிருந்தன. இச்செய்தியை நூலொன்றில் படித்த நாள்முதல் அவர் தூசியைப் பூசும் விதம் மாறியது. தன் தந்தை அஞ்சி அஞ்சி மெதுவாக ஓட்டிய தூசி அது.

துருவைப் பற்றியும் அவருக்கு உறுதியான கருத்தொன்று உண்டு. தொடக்கநிலையிலுள்ளோர் தாங்கி முழுவதையும் துருவால் நிரப்புவர். துரு அழகியது என்பதே காரணம். செம்மஞ்சள், இரத்தச்சிவப்பு, கருங்கபிலம் என அதற்குள் எத்தனை நிறங்கள்! ஆனால் பாவனையிலிருந்த தாங்கி அவ்வாறு துருவேறியிருப்பதில்லை. வர்ணத்தால் மூடப்பட்ட தடித்த உருக்குக் கவசம் துருவேறுவதற்குக் காலம் வேண்டும். நோர்மண்டியில் பல தாங்கிகளுக்கு அவ்வளவு காலம் வாய்க்கவில்லை. புகைக்குழாய் துருவேறும், மழையில் நின்ற சங்கிலிப்பட்டை ஓரிரவிலேயே செம்மையேறும். மற்றும்படி, உடல் முழுவதும் சிவந்த தாங்கி ஒன்றையே குறிக்கும்: அது எரிந்த தாங்கி. எரிகின்றபோது வர்ணம் கருகி உதிரும். சக்கரங்களின் இறப்பர் சாம்பலாகும். வில்லுருக்கு தன் உரத்தை இழப்பதால் ஊர்தி தாழ்ந்து அமர்ந்துவிடும். வெறுமையான இரும்பின்மேல் அடுத்த பனியிலேயே துரு பூக்கும். தாங்கி தீப்பற்றுவதற்குப் பெருங்காரணம் உள்ளே அடுக்கிய வெடிமருந்து என்பது பின்னர் அறியப்பட்டது. நீர் சூழ்ந்த அறைகளில் அதனை வைக்கத் தொடங்கியபின் எரிவது பெரிதும் குறைந்தது. ஆயினும் அம்மாற்றம் 1944 கோடையில் எல்லோரையும் வந்தடைந்திருக்கவில்லை.

இவற்றை அவர் நூல்களிற் கற்றார். ஆனால் முதன்முதலில் அறிந்தது தந்தையின் வாயிலாகவே. 1980களின் இறுதியில், மரணத்துக்குச் சில மாதங்களின் முன்பு, ஒரு பிற்பகலில், எவரும் கேளாமலே தந்தையார் அதனைச் சொன்னார். ஐவரிருந்த தாங்கி அடிபட்டது. அவரும் வேறிருவரும் வெளியே குதித்தனர். கோபுரத்திலிருந்தோருள் இருவர் வரவில்லை. மறுநாட் காலை அவ்வழியே திரும்பிச் செல்லவேண்டியிருந்தது. "ஓரிரவுக்குள் அது சிவந்து போயிருந்தது. பல ஆண்டுகள் அங்கேயே கிடந்ததுபோல" என்றார். சிறிது பொறுத்து, "அன்று காலையில்தான் தேநீர் குடித்தோம்" என்றார். அதன்மேல் ஒன்றுமில்லை. மகனும் கேட்கவில்லை. அவ்விருவரின் பெயர்களையேனும் கேட்டிருக்கலாம் என்று அவர் இன்றும் வருந்துவதுண்டு.

தந்தையார் மறைந்தபின் அவர் அத்தாங்கியைச் செய்யத் தொடங்கினார். இரண்டு குளிர்காலங்கள் சென்றன. வேலியோரத்துப் பாதை, தாழ்ந்தமர்ந்த ஷேர்மன், கருகிய இலைகள், சக்கரங்களில் வெண்சாம்பல், கோபுரத்தின் வாயைச் சுற்றிப் புகைக்கரி, உடலெங்கும் ஓரிரவில் பூத்த துரு. மனித உருவம் ஒன்றேனும் இல்லை. தந்தை கண்டதையே தானும் கண்டு, கண்டவாறே வைத்ததாக அவர் நினைத்தார். ஊரிலே நடைபெற்ற கண்காட்சியொன்றில் அது முதற்பரிசு பெற்றது. பரிசுச்சீட்டு ஒட்டப்பட்டபின் இளைஞரொருவர் நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "எவ்வளவு அழகான துரு! எந்தத் தூளைப் பயன்படுத்தினீர்கள்?" என்று உண்மையான ஆர்வத்தோடு கேட்டார். அவர் தூளின் பெயரைச் சொன்னார். கலக்கும் அளவையும் சொன்னார். வீட்டுக்கு வந்தபின் அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை.

இளைஞர்மீது குற்றமில்லை. அது அழகாகவே இருந்தது; அழகாக இருக்கவேண்டுமென்றே ஒவ்வொரு புள்ளியையும் அவர் வைத்திருந்தார். இருவரின் முடிவைத் தாம் ஒரு நிறமாக மாற்றிவிட்டோமோ என்பதே அவரை வருத்திய கேள்வி. இக்கேள்வியைப் போர்க்காட்சி அமைப்போர் அனைவரும் என்றேனும் ஒருநாள் சந்திக்கவேண்டும். சந்தியாது தப்பிக்கும் வழிகளும் உண்டு: இது வெறும் பொறியியல் என்னலாம், இது வரலாறு என்னலாம். ஆனால் வரலாற்றைச் சிறிய உருவில் வைப்போருக்கும் இடர் உண்டு என்பதற்கு அவர் அடிக்கடி நினைவுகூரும் சான்று ஒன்றுளது.

வில்லியம் சைபோர்ன் என்ற பிரித்தானிய அதிகாரி, 1815இல் நெப்போலியன் தோல்வியுற்ற வாட்டர்லூப் போரின் மாதிரியை அமைக்கும் பணியை 1830இல் ஏற்றார். அவர் அப்போரில் பங்குகொண்டவர் அல்லர். ஆகவே களத்தின் நடுவிலிருந்த பண்ணைவீட்டில் மாதக்கணக்காகத் தங்கி நிலத்தை அளந்தார். உயிரோடிருந்த அதிகாரிகளுக்கெல்லாம் கடிதமெழுதி, மாலை ஏழுமணியளவில் அவரவர் படை எங்கே நின்றதெனக் கேட்டார். ஒன்பது அடிக்கு ஓர் அங்குலமாக, எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட ஈய உருவங்களுடன் அது எழுந்தது. அரசாங்கம் இடையிலே பணத்தை நிறுத்தியது. அவர் கைப்பணத்தாலும் கடனாலும் தொடர்ந்தார். 1838இல் இலண்டனில் காட்சிக்கு வைத்தபோது மக்கள் திரண்டு பார்த்தனர். ஆனால் வெற்றிக்கு உதவிய பிரஷ்யப் படையினரை அம்மாதிரி மிகுதியாகக் காட்டுவதாக வெலிங்டன் பிரபு உடன்படவில்லை. ஈற்றில் பிரஷ்ய உருவங்களிற் பெருந்தொகையானவை களத்திலிருந்து அகற்றப்பட்டன. சைபோர்ன் 1849இல் மறைந்தார். அவருடைய மாதிரி இன்று இலண்டனிலுள்ள தேசிய இராணுவ அரும்பொருளகத்தில் இருக்கின்றது. ஈயத்தாலான மனிதர் ஒருவரையும் வெல்ல மாட்டார்கள். ஆயினும் அவர்கள் நிற்பதும் நில்லாததும் ஒரு கூற்றாகிவிடுகின்றது.

சைபோர்னின் களத்திலிருந்து மனிதர் அகற்றப்பட்டனர். தாமும் அதனையே செய்திருப்பதாக அவருக்குத் தோன்றியது. எரிந்த தாங்கியில் எவருமில்லை. அறுபது ஆண்டுகளின் முன் பச்சை வர்ணம் பூசிய அச்சிறு பிளாஸ்ரிக் உருவிலும் எவருமில்லை. தந்தையார் கூறிய குறை தீரவில்லை. அதன்மேல் துரு மட்டுமே ஏறியிருந்தது.

அதன்பின் பல ஆண்டுகள் வேறு ஊர்திகளைச் செய்தார். மூன்று ஆண்டுகளின் முன்னரே மற்றொரு ஷேர்மனைக் கையிலெடுத்தார். இம்முறை துரு இல்லை. புகைக்குழாயில் மட்டும் சிறிது. பாதையின் வெளிறிய தூசி சக்கரங்களிலும் பக்கங்களிலும் படிந்திருக்கின்றது. சாரதியின் வாயிலருகே வர்ணம் தேய்ந்திருக்கின்றது. தாங்கியின் நிழலில், பாதி வெட்டிய தகரப் பேணியில் மண்ணையும் பெற்றோலையும் இட்டு எரித்த அடுப்பின்மேல் கேத்தல் ஒன்று. சுற்றிலும் ஐந்து மனிதர், ஐந்து கோப்பைகள். மரத்தின் கீழே சருகுகளாகத் தேயிலைத் தூள்.

ஐவருள் ஒருவரின் முகத்தைத் தந்தையின் பழைய ஒளிப்படமொன்றைப் பார்த்து எழுதினார். வெளியே குதித்த ஏனைய இருவருக்கும் பொதுவான முகங்கள் போதுமென விட்டார். எஞ்சிய இருவரின் முகங்களை எழுத அவருக்குக் கை வரவில்லை. பெயர் அறியார், படம் பாரார், கற்பனையால் முகம் கொடுப்பது அவர்களுடையதல்லாத ஒன்றை அவர்கள்மேல் ஏற்றுவதாகும். ஆகவே அவ்விருவரையும் கோப்பையின்மேல் தலைகுனிந்து குடிப்பவர்களாக அமைத்தார். எப்பக்கத்திலிருந்து பார்த்தாலும் அவர்களுடைய தொப்பியும் தோளும் விரல்களுமே தெரியும்.

பண்டைத் தமிழர் போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நட்டுப் பெயரும் பீடும் எழுதி மயிற்பீலி சூட்டினர். அக்கல்லுக்குப் பெயர் வேண்டும். பெருமைக்குரிய செயலும் வேண்டும். இவருடைய மேசைமீதுள்ள காட்சியில் பெயருமில்லை, செயலுமில்லை. ஐவர் தேநீர் அருந்துகின்றனர்; அவ்வளவே. கண்காட்சியில் வைத்தபோது இதற்குப் பரிசு கிடைக்கவில்லை. வேலை சுத்தமானது, ஆயினும் நிகழ்வு எதுவும் இல்லை என்று நடுவர் ஒருவர் குறிப்பெழுதியிருந்தார். அவர் அக்குறிப்பை மடித்துப் பெட்டிக்குள் வைத்திருக்கின்றார். மறுப்பு ஒன்றும் கூறவில்லை. நிகழ்வு எதுவும் நேராத ஒரு காலைப்பொழுதையே அவர் அமைக்க விரும்பினார்.

எரிந்த தாங்கியை அவர் அழிக்கவுமில்லை, எவருக்கும் கொடுக்கவுமில்லை. அலுமாரியின் மேற்றட்டில் மூடியின்றி இருக்கின்றது. வீட்டுத் தூசி அதன்மேல் படிந்துவிட்டது. அவ்வுலகின் அளவுக்கு அது பருத்த தூசி. நூலிழைகள் வடங்களாகக் கிடக்கின்றன. மற்றையதோ மேசையிலேயே இருக்கின்றது. ஞாயிறுதோறும் காலையில் மென்மயிர்த் தூரிகையொன்றை எடுத்து, ஐவரின் தோள்களிலும் தொப்பிகளிலும் படிந்ததைத் தட்டிவிடுகின்றார். தாம் தூரிகையால் வைத்த தூசி எது, தானாக வந்து விழுந்த தூசி எது என்பது அவருக்குத் தெரியும். பின்னதை மட்டும் அகற்றிவிட்டுத் தேநீர் குடிக்கக் கீழே இறங்கிச் செல்கின்றார்.